கனடாவில் பிள்ளை பார்க்கிற வேலை: நான் விட்ட பிழைகளை நீங்கள் விடாமல் இருக்க

கனடாவுக்கு வந்து ஏழாவது கிழமை எனக்கு வேலை கிடைத்தது. ஸ்காபரோவில் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் வீடு. பதினான்கு மாதப் பெண் பிள்ளை. திங்கள் முதல் வெள்ளி வரை. எல்லாம் கதைத்து முடித்து, "திங்கட்கிழமை வாங்கோ" என்றார்கள். ஞாயிறு பின்னேரம் பிள்ளையின் தாய் ரெலிபோன் எடுத்தார்.

"அக்கா, நீங்கள் அனுப்பின வேர்க் பேர்மிற்றில அடிவரியைப் பாத்தனீங்களோ? பிள்ளை பராமரிப்பு வேலை செய்யேலாது எண்டு போட்டிருக்கு."

நான் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது திறந்த அனுமதி, எங்கேயும் வேலை செய்யலாம் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியை எடுப்பிக்க எனக்கு ஐந்து மாதம் போனது. அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது.

கீழே எழுதியிருப்பது ஒன்ராறியோவுக்கு, அதிலும் ரொறன்ரோவும் அதைச் சுற்றிய ஊர்களும். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் சம்பளத்தையும் தொழிற்சட்டத்தையும் தங்கள் மாகாணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசிற்றர் விசாவில் வந்து நிற்பவர்கள் முதலாவது படியோடு நிற்பாட்டலாம். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. "கையில காசு தானே, ஆருக்குத் தெரியும்" என்று சொல்பவர் உங்கள் விசாவைக் காப்பாற்ற வரமாட்டார்.

1. பேர்மிற்றின் அடிவரியை வாசியுங்கள்

பி.ஆர், அதாவது நிரந்தர வதிவிடம், உள்ளவர்களுக்கும் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் வேலை அனுமதிக்கு முன்னரே குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்துவிடுவதால் அவர்களுக்கும் பெரும்பாலும் பிரச்சினை வராது. மாட்டுப்படுவது கணவன் அல்லது மனைவியோடு திறந்த அனுமதியில் வந்தவர்களும், படித்து முடித்து அனுமதி எடுத்தவர்களும்தான்.

அனுமதிக் கடதாசியின் கீழ்ப்பகுதியில் நிபந்தனைகளும் குறிப்புகளும் சின்ன எழுத்தில் இருக்கும். அதில் "சைல்ட் கெயர்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பிள்ளை பராமரிப்பு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தல், மருத்துவத் துறை இவற்றில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று இருந்தால், நீங்கள் குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்யவில்லை என்று அர்த்தம். வேறு குற்றம் ஒன்றும் இல்லை. இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவர்கள் இந்த வேலைகளுக்கு அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்திருக்க வேண்டும்.

எடுப்பிக்கும் வழி இது. குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. உங்கள் குடும்ப மருத்துவர் செய்தால் செல்லாது. பட்டியலில் உள்ள ஒருவரிடம் நேரம் எடுத்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை, மருத்துவருக்கு மருத்துவர் மாறும். மூன்று இடத்துக்காவது ரெலிபோன் எடுத்து, எக்ஸ்ரேயும் சேர்த்துத்தானா என்று கேட்டு விலை வாங்குங்கள். எனக்கு முதல் சொன்ன விலையில் எக்ஸ்ரே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். அதில் உங்கள் மருத்துவ இலக்கம் இருக்கும். அந்தத் தாளையும் சேர்த்து, அனுமதியின் நிபந்தனையை மாற்றச் சொல்லி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 155 டொலர், திறந்த அனுமதி என்றால் அதற்கு மேல் 100. பரிசோதனை 12 மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே செய்துவிட்டு விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.

பொறி: விண்ணப்பம் போட்டாயிற்று என்பதால் வேலை தொடங்கலாம் என்று இல்லை. புது அனுமதி கையில் வரும்வரை பழைய நிபந்தனைதான்.

இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு: கொழும்பிலோ சென்னையிலோ வைத்தே பரிசோதனையைச் செய்து, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். பிறகு இங்கே விமான நிலையத்தில் அதிகாரி அனுமதியை அச்சடித்துத் தரும்போது, நகராமல் அந்த இடத்திலேயே நின்று அடிவரியை வாசியுங்கள். பழக்கத்தில் அந்த வரியைப் போட்டிருந்தால் அங்கேயே திருத்தித் தருவார்கள். வெளியே வந்துவிட்டால் மாதக்கணக்கு.

2. சின் நம்பர்

சின் என்பது சம்பளத்துக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் உங்கள் இலக்கம். சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்துக்கு அனுமதியையும் பாஸ்போர்ட்டையும் கொண்டு போனால் அன்றைக்கே கிடைக்கும். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் இலவசம். காசு கேட்டால் அது அரசாங்கத்தின் தளம் இல்லை. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் இலக்கம் 9இல் தொடங்கும், அனுமதி முடியும் நாளோடு அதுவும் முடியும். அனுமதி நீட்டித்தால் சின்னையும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

இந்த இலக்கத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இன்ரர்வியூவுக்கு முதலே வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவருக்கு அனுப்பாதீர்கள். வேலை தொடங்கி மூன்று நாளுக்குள் முதலாளி கேட்க வேண்டும், அதுதான் முறை.

3. பொலிஸ், முதலுதவி, உங்களைத் தெரிந்த இரண்டு பேர்

முதலுதவியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் இரண்டும் நடத்துகின்றன, அவர்களின் அங்கீகாரத்தில் சின்னச் சின்ன நிலையங்களும் நடத்துகின்றன. பாதியை வீட்டிலிருந்து கணினியில் படித்துவிட்டு, மீதிக்கு ஒரு நாள் நேரில் போகலாம். நான் கட்டியது வரியோடு 130 டொலர் அளவில். சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும்.

பதியும்போது "சி.பி.ஆர் லெவல் சி" என்று பார்த்துப் பதியுங்கள். சி.பி.ஆர் என்பது நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர் காப்பது. லெவல் ஏ வளர்ந்தவர்களுக்கு மட்டும். விலை குறைவு என்று அதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனால், அந்தத் தாளைத் தாய்மார் திருப்பித் தந்துவிடுவார்கள்.

பொலிஸ் சான்றிதழில் வகை இருக்கிறது. சாதாரண குற்றப்பதிவுச் சோதனை ஒன்று. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்பவர்களுக்கென்று ஆழமான சோதனை இன்னொன்று, அதன் பெயர் "வல்னரபிள் செக்ரர் செக்". இரண்டாவதை நீங்கள் குடியிருக்கும் இடத்துப் பொலிஸ்தான் தரும். ஸ்காபரோ என்றால் ரொறன்ரோ பொலிஸ், மார்க்கம் என்றால் யோர்க் பிராந்தியப் பொலிஸ். பத்து நிமிடத்தில் இணையத்தில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் கம்பனிகள் தருவது முதலாவது வகை. அந்த வீட்டாருக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். என்ன வேலை, யாருக்கு என்று முதலாளியிடமிருந்து கடிதம் கேட்பதும் உண்டு, ஆகவே வேலை உறுதியாகும் தறுவாயில் செய்வதுதான் நல்லது.

ஒருவேளை கைரேகை தர வரச்சொல்லிக் கடிதம் வரலாம். எனக்கு வந்தது, அன்று இரவு நித்திரை இல்லை. பிறகுதான் தெரிந்தது, உங்கள் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் பொலிஸ் பட்டியலில் உள்ள யாரோ ஒருவரோடு பொருந்தினாலே அப்படிக் கூப்பிடுவார்கள். அது குற்றச்சாட்டு இல்லை, உங்களையும் அந்த ஆளையும் பிரித்து அறிவதற்கு. ஆனால் சில கிழமை கூடுதலாக எடுக்கும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து குடிவரவுக்காக எடுத்த பொலிஸ் அறிக்கையின் பிரதி இருந்தால் எறியாமல் வைத்திருங்கள். வந்து கொஞ்ச மாதமே ஆனவருக்கு இங்கத்தைய பதிவு வெறுமையாக இருப்பதில் என்ன அதிசயம்? ஊர் அறிக்கையையும் சேர்த்துக் காட்டினால் தாய்மாருக்கு மனம் ஆறும்.

அடுத்தது, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேர். "கனடா அனுபவம் இல்லை" என்பது இந்த வேலையில் பெரிய தடை இல்லை, ஆனால் ரெலிபோன் எடுத்தால் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் தடை. ஊரில் பாலர் பாடசாலையில் படிப்பித்திருந்தால் அந்த அதிபரின் கடிதத்தை ஆங்கிலத்தில் எடுங்கள். இங்கே, கோயிலில் தெரிந்த ஒரு குடும்பத்தின் பிள்ளையைச் சனிக்கிழமைகளில் நாலு கிழமை பார்த்துக் கொடுங்கள், காசுக்குத்தான். அந்தத் தாய் உங்கள் முதல் சாட்சி. நான் சித்தியின் பெயரைக் கொடுத்தேன். அவர் ரெலிபோனில் "அவள் எங்கட பிள்ளை, தங்கமான பிள்ளை" என்று இருபது நிமிடம் கதைத்ததில் மற்றப் பக்கம் சொந்தம் என்று விளங்கிவிட்டது.

4. எந்த மாதிரி வேலை, எந்தக் காலத்தில்

போய்வரும் வேலை, தங்கி நிற்கும் வேலை, இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு ஆளை வைக்கும் வேலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு மூன்று மணித்தியாலம் பார்க்கும் வேலை. வந்த புதிதில் தங்கி நிற்கும் வேலை வாடகை மிச்சம் என்று தோன்றும். தனியாக வந்தவர்களுக்குச் சரிவரலாம். ஆனால் வேலை எப்போது முடிகிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, உங்களையும் சேர்த்து.

பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பது முற்றிலும் வேறு விஷயம், அதற்கு வேறு சட்டம். ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் ஒரு வீட்டில் 13 வயதுக்குக் கீழே 5 பிள்ளைகளுக்கு மேல் பார்க்க முடியாது. அதில் 2 வயதுக்குக் கீழே 3 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உங்களுடைய 4 வயதுக்குக் கீழான பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும். உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பேஸ்மென்ற்றில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற அன்ரிமாரை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களுக்கு உதவியாகப் போகாதீர்கள்.

காலத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே தாய்மார் 12 மாதமோ 18 மாதமோ லீவு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். அதுதான் உங்கள் வேலை பிறக்கும் நேரம். அரசாங்க நிதி வாங்கும் உரிமம் பெற்ற பராமரிப்பு நிலையங்களில் 6 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குக் கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 22 டொலருக்கு மேல் இல்லை. நானிக்கு, அதாவது வீட்டுக்கு வந்து பிள்ளை பார்ப்பவருக்கு, ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுக்கும் காசு அளவுதான். பிறகு ஏன் நானி வைக்கிறார்கள் என்றால், அந்த நிலையங்களில் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் நிற்பதால். இடம் கிடைத்த அடுத்த கிழமை உங்கள் வேலை போகும். இன்ரர்வியூவில் பட்டியலில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள், கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

மற்றது செப்ரெம்பர். 4 வயதாகும் வருடம் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அதனால் ஓகஸ்ற் கடைசியில் ஏராளமான நானிகளின் வேலை முடியும், அதே நேரம் புது வீடுகளும் ஆள் தேடும். ஜூனில் தேடத் தொடங்குங்கள். டிசம்பரில் வந்து இறங்கி அடுத்த கிழமை வேலை வேண்டும் என்று நின்றால், சம்பளத்தைக் கேட்கும் தைரியம் வராது.

5. எங்கே தேடுவது

இணையத்தில் கனேடியன் நானி, கெயர் டொட் கொம், அரசாங்கத்தின் ஜொப் பாங்க் இந்த மூன்றிலும் உங்கள் விபரம் போடுங்கள். உங்கள் பகுதியின் பேஸ்புக் தாய்மார் குழுக்களில் சேருங்கள். தமிழ்க் கடைகளின் வாசல் பலகையிலும் பாருங்கள். பிள்ளை தமிழ் கதைக்க வேண்டும் என்று விரும்பும் இளம் தம்பதிகள் இப்போது நிறைய. உங்கள் தமிழுக்குப் பெறுமதி உண்டு, விளம்பரத்தின் முதல் வரியில் போடுங்கள்.

ஆனால் நல்ல வேலைகள் விளம்பரத்துக்கு வருவதில்லை. பகலில் பார்க்கில் ஊஞ்சலடியில் நிற்பவர்களைப் பாருங்கள், பாதிப்பேர் நானிகள். 6 வயது வரையான பிள்ளைகளைக் கூட்டிப்போய் விளையாட விடும் ஏர்லிஓன் நிலையங்கள் இலவசம், நூலகங்களில் கதை நேரம் இலவசம். சொந்தப் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். என் இரண்டாவது வேலை அப்படித்தான் வந்தது. ஒரு பிலிப்பினோ அக்கா, தான் பார்க்கும் பிள்ளையின் பக்கத்து வீட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி, அவ்விடத்திலேயே ரெலிபோன் எடுத்துத் தந்தார்.

இரண்டு பொறி.

ஒன்று, செக் மோசடி. "நாங்கள் அடுத்த மாதம்தான் ரொறன்ரோவுக்குக் குடிவருகிறோம், முதல் கிழமைச் சம்பளத்தோடு பிள்ளையின் சாமான் வாங்கவும் சேர்த்துச் செக் அனுப்புகிறோம், மிச்சத்தை இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று வரும். செக்கைப் போட்டதும் கணக்கில் காசு தெரியும். நீங்கள் மிச்சத்தை அனுப்புவீர்கள். சில நாளில் செக் திரும்பும், வங்கி முழுக் காசையும் உங்களிடம் கேட்கும். என்னோடு ஆங்கில வகுப்பில் படித்த ஒருவர் இப்படி 1,800 டொலர் கட்டினார். முகம் பார்க்காமல் காசு அனுப்பும் முதலாளி உலகத்தில் இல்லை.

இரண்டு, "பி.ஆர் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கட்டு" என்பவர்கள். வீட்டுப் பராமரிப்பாளருக்கான பி.ஆர் திட்டம் 2025 மார்ச் 31இல் திறந்து, இணையத்தில் அன்றைக்கே இடம் நிரம்பியது. அப்படி ஒன்றைக் காட்டி முற்பணம் கேட்பார்கள். வெளிநாட்டவரிடம் வேலை பிடித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்குவதையும், அவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதையும் ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முகவருக்குக் கட்டணம் கொடுப்பதென்றால் அது வீட்டார் கொடுப்பது.

6. இன்ரர்வியூ

முதலில் வீடியோவில் கதைப்பார்கள், பிறகு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளை இருக்கும் நேரத்தில் வரச்சொன்னால் நல்ல வீடு. உள்ளே போனதும் கையைக் கழுவிவிட்டு, நிலத்தில் இருங்கள். பிள்ளையைத் தூக்கப் போகாதீர்கள், அது உங்களிடம் வரட்டும். நான் பழக்கத்தில் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினேன். தாயின் முகம் மாறியது எனக்கு அப்போதே தெரிந்தது.

கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள், காய்ச்சல் வந்தால் என்ன, அடம்பிடித்தால் என்ன. முதலுதவி வகுப்பில் சொன்னதைச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் விழுவது வேறு இடத்தில், நித்திரையும் சாப்பாடும். இங்கே கைக்குழந்தையை மல்லாக்காகத்தான் படுக்க வைக்க வேண்டும், தொட்டிலில் போர்வையோ தலையணையோ பொம்மையோ எதுவும் இருக்கக்கூடாது. ஒரு வயதுக்கு முதல் தேன் நாக்கில் தடவக்கூடாது, பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய்க்கு வழி. முந்திரிப்பழத்தை, அதாவது கிரேப்ஸை, நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் ஊசி எங்கே இருக்கிறது என்று நீங்களே கேளுங்கள். "எங்கட ஊரில இப்பிடித்தான் வளத்தனாங்கள்" என்ற வாக்கியத்தை வாசலில் விட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: வீட்டில் கமரா இருக்கிறதா, சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் பிள்ளைக்கு மட்டுமா முழு வீட்டுக்குமா, பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் நான் வருவதா, பெற்றோர் பிந்தினால் என்ன ஒழுங்கு.

பழகிப் பார்க்க ஒரு நாள் வரச்சொல்வார்கள். போங்கள், ஆனால் அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. "ரயல் தானே" என்று சும்மா செய்விக்கும் வீடு பிறகும் அப்படித்தான் இருக்கும்.

7. சம்பளக் கணக்கு

2025 ஒக்ரோபர் 1 முதல் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். நானிக்கும் அதுதான் அடிமட்டம். நானும் எனக்குத் தெரிந்தவர்களும் வாங்குவது 18க்கும் 25க்கும் இடையில். கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. 50 மணித்தியாலம் வேலை என்றால், குறைந்தபட்சச் சம்பளத்திலேயே 44க்கு 774.40, மிச்சம் 6க்கு 26.40 படி 158.40, மொத்தம் 932.80. "கிழமைக்கு 700, கையில்" என்பது கேட்க நன்றாக இருக்கும். மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள், 14 டொலர்.

இதற்கு மேல் 4 வீதம் லீவுக் காசு. வருடத்தில் 9 பொது விடுமுறை. தங்கி நிற்பவர்களிடம் தனி அறைக்குக் கிழமைக்கு 31.70 டொலருக்கு மேலும், சாப்பாட்டுக்கு 53.55 டொலருக்கு மேலும் குறைந்தபட்சச் சம்பளத்தில் கழித்துக் கணக்குக் காட்ட முடியாது. "அறைக்கு மாதம் 600 வெட்டுறம்" என்றால் சட்டம் அதை ஏற்காது.

முறையான வேலையில் ஓய்வூதியத்துக்கான சி.பி.பி ஏறக்குறைய 6 வீதமும், வேலை இல்லாத காலத்துக்கான காப்புறுதியாகிய ஈ.ஐ ஏறக்குறைய 1.6 வீதமும், வருமானவரியும் வெட்டுவார்கள். வெட்டுகிறார்களே என்று வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. கையில் காசு வாங்கிய என் முதல் வேலையின் கதையைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் யோசியுங்கள். வருடம் முழுக்க எதுவும் வெட்டாமல் ஈ-ட்ரான்ஸ்பரில், வங்கியிலிருந்து வங்கிக்கு, போட்டுவிடுவார்கள். பெப்ரவரி மாதம் அந்தத் தாய், "அன்ரி, உங்கட சின் நம்பரோட ஒரு றிசீற் தாங்கோ" என்றார். 7 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவை அவர்கள் தங்கள் வருமானத்தில் கழிக்கலாம், அதற்கு உங்கள் இலக்கம் வேண்டும். கொடுத்தேன். எந்த வரியும் வெட்டாத வருமானம் முழுக்க ஒரே நாளில் என் கணக்கில் ஏறியது. கட்ட வேண்டிய வரி ஒரு பக்கம், குடும்ப வருமானம் கூடியதால் எங்கள் பிள்ளைக்கு வரும் கொடுப்பனவு குறைந்தது இன்னொரு பக்கம். அந்த வருமானத்தைக் காட்ட வேண்டியது என் கடமைதான், அதில் வாதம் இல்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை வெட்டியிருந்தால் நோவு தெரிந்திருக்காது. வேலை நின்றபோது ஈ.ஐயும் இல்லை. பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவுக்கு 600 மணித்தியாலம் ஈ.ஐ கட்டிய வேலை வேண்டும். கையில் வாங்கிய காசுக்கு ஒரு மணித்தியாலமும் எழுதப்படாது.

ஆகவே வரிச் சேவையில் முதலாளியாகப் பதிந்து சம்பளம் தருவீர்களா, வருடச் சம்பளமும் வெட்டியதும் காட்டும் ரீ-4 தாளைப் பெப்ரவரிக் கடைசிக்குள் தருவீர்களா என்று முதலே கேளுங்கள். "நீங்கள் சுயதொழில் எண்டு போடுங்கோ" என்பார்கள். அவர்கள் வீட்டில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் சொல்லும்படி வேலை செய்பவர் பணியாளர்தான். கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் வேலை விபத்துக் காப்புறுதியிலும் அவர்கள் பதிய வேண்டும். படியில் வழுக்கி விழும்வரை இது யாருக்கும் ஞாபகம் வராது.

8. எழுத்தில் வாங்குங்கள்

வீட்டுப் பணியாளருக்கு வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், மணித்தியாலச் சம்பளம் மூன்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். வக்கீல் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும். அந்த மூன்றோடு, வேலை என்னென்ன, பிந்தினால் எவ்வளவு, குடும்பம் விடுமுறைக்குப் போகும் கிழமைகளில் சம்பளம் உண்டா, நிற்பாட்டுவதென்றால் எத்தனை கிழமை முன்னறிவித்தல் என்று சேருங்கள். சட்டம் தருவது மூன்று மாதத்துக்குப் பிறகு 1 கிழமை, ஒரு வருடத்துக்குப் பிறகு 2 கிழமை. பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தால் என்ற ஒரு வரியை எழுதி, 4 கிழமை என்று கேளுங்கள். நான் கேட்டேன், தந்தார்கள்.

தமிழ் வீடுகளில்தான் இது கஷ்டம். "நீங்கள் எங்கட அம்மா மாதிரி, எங்களுக்குள்ள என்ன கடதாசி" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது மாதம் அந்த அம்மா சாம்பாரும் வைத்து, பெரியவர்களின் உடுப்பும் மடித்து, ஞாயிறு பிறந்தநாள் விழாவுக்குச் சும்மா வந்து நிற்பார். சிரித்துக்கொண்டே, "ஓம் தங்கச்சி, எனக்கு மறதி கூட, எழுதி வைச்சால் நல்லம்" என்று சொல்லுங்கள்.

போக்குவரத்தையும் கணக்கில் வையுங்கள். 2024 பெப்ரவரி முதல் ரொறன்ரோ பஸ்ஸிலிருந்து யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கு மாறினால் இரண்டு முறை கட்டத் தேவையில்லை, ஒரே பிரஸ்ரோ பயண அட்டையைத் தட்டினால் போதும். மார்க்கம் வேலைகளை இனி தூரம் என்று தள்ளாதீர்கள். ஆனால் ஜனவரி மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

9. சம்பளம் தராவிட்டால், வேலை முடிந்தால்

முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். என்னுடையது ஒரு டொலர் கடையில் வாங்கிய சின்னக் கொப்பி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருக்கும். அதே பக்கத்தில் பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை முறை பம்பர்ஸ் மாற்றியது என்றும் எழுதியதால் பெற்றோருக்கும் அது பிடித்தது. ஒருமுறை இரண்டு கிழமைச் சம்பளம் இழுபட்டபோது அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காசு வந்தது.

வராவிட்டால், தொழில் அமைச்சுக்கு இணையத்தில் முறையிடலாம். இலவசம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், முறையிட்டதற்காக முதலாளி பழிவாங்கவும் முடியாது. ஒரே முதலாளிக்கு மட்டுமான அனுமதியில் இருந்து துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள், அவரை விட்டு விலகத் திறந்த அனுமதி கேட்டு விண்ணப்பிக்க 2019 முதல் வழி இருக்கிறது.

வேலை முடியும் கிழமையில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஆர்.ஓ.ஈ என்ற வேலைப் பதிவு, அது இல்லாமல் ஈ.ஐ நகராது. மிச்சமுள்ள லீவுக் காசு. ஒரு சிபாரிசுக் கடிதம், ரெலிபோன் இலக்கத்தோடும் கையெழுத்தோடும். கடிதத்தைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். கடைசி நாள் பிள்ளை காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழும், தாயும் அழுவார், நீங்களும் அழுவீர்கள், கடிதம் மறந்துபோகும். எனக்கு அதை வாங்க மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் பஸ் ஏற வேண்டி வந்தது.